ஆடுகிற ரோடு, ஆடாத வீடியோ

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், நம் ஊரில் நடந்து போவது சுகமா சோதனையா என்று ஒரு வரி கேட்டுவைத்தேன். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதி ரோட்டையும் இரைச்சலையும் பற்றி, மீதி போன் கேமராவைப் பற்றி. இரண்டையும் இரண்டு இதழாகப் பிரித்துப் போடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் கடிதமே அந்தத் திட்டத்தைக் கெடுத்துவிட்டது.

கேள்வி: எங்கள் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள். பைக்கில் போனால் முதுகெலும்பு கழன்றுவிடும். புகார் கொடுக்க ஆதாரம் வேண்டுமே என்று, மகன் பைக் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து அவனுடைய புதுப் போனில் தெரு முழுக்க வீடியோ எடுத்தேன். ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் அங்கே இருந்தவர் பார்த்துவிட்டு, "ரோடு நல்லாத்தான கெடக்கு" என்கிறார். வீட்டுக்கு வந்து நானும் பார்த்தேன். குளத்தில் வள்ளம் போகிற மாதிரி இருக்கிறது. என்ன மாயம் இது?
– வடசேரி வாசகர்

பதில்: சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது, மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. மாயம் ஒன்றுமில்லை. நடுக்கத்தை மறைப்பது அந்தப் போனுக்குக் கொடுத்த வேலை, அதை ஒழுங்காகச் செய்திருக்கிறது. நடுங்குவது கையா ரோடா என்று அதற்குத் தெரியாது.

உள்ளே நடப்பது இதுதான். கேமராவுக்குப் பக்கத்தில் உளுந்து அளவில் ஜைரோஸ்கோப் என்று ஒரு சில்லு உட்கார்ந்திருக்கும். போன் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று விநாடிக்குப் பல நூறு முறை அது சொல்லிக்கொண்டே இருக்கும். லென்ஸை அடித்துப் பொருத்தியிருக்க மாட்டார்கள். மெல்லிய கம்பிகளிலோ குட்டிக் குண்டுகள் மேலோ மிதக்க விட்டு, சுற்றிலும் காந்தமும் கம்பிச்சுருளும் வைத்திருப்பார்கள். போன் ஒரு மயிரிழை கீழே குனிந்தால் சுருளில் மின்சாரம் பாய்ந்து லென்ஸை அதற்கு ஈடாகத் தள்ளும். அதனால் வெளிச்சம், படம் பதிகிற சென்சாரில் முன்பு விழுந்த இடத்திலேயே விழும். கடையில் ஓஐஎஸ், ஓஐஎஸ் என்று சொல்கிறார்களே, அது இதுதான். சில போன்களில் லென்ஸ் சும்மா இருக்க, சென்சாரே நகரும். பெரிய கேமராக்களுக்கு 1995இல் கேனான் இதை ஒரு ஜூம் லென்ஸில் கொண்டுவந்தது. போனில் பரவலாகப் பேசப்பட்டது 2012இல் நோக்கியா லூமியா 920 வந்தபோது.

ஆனால் ஓஐஎஸ் லென்ஸை நகர்த்துவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரம். உங்கள் தெருப் பள்ளத்துக்கு அது எந்த மூலைக்கு? அங்கே அதன் தம்பி கைகொடுத்திருக்கிறான், மென்பொருள் வழி நிலைப்படுத்தல், அதாவது இஐஎஸ். தேவைக்கு மேல் அகலமாகப் படம் பிடித்துக்கொண்டு, ஓரங்களை வெட்டி எறிந்து, நடுத்துண்டை மட்டும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மேலே கீழே நகர்த்தி ஒட்டிவிடும். பைக் விழுந்து எழுந்த சேதி எல்லாம் அந்த வெட்டி எறிந்த ஓரத்தோடு போயிற்று.

என்ன செய்யலாம்? முதலில் கேமரா அமைப்பில் போய் வீடியோ நிலைப்படுத்தலை அணையுங்கள். சில போன்களில் ஓஐஎஸ்ஸைத் தனியாக அணைக்க முடியாது, போகட்டும். அடுத்து, பைக்கை விட்டு இறங்குங்கள். பள்ளத்தின் பக்கத்தில் நின்று, பேரன் பேத்தியின் ஒரு அடி ஸ்கேலை உள்ளே செங்குத்தாக வைத்துப் படம் எடுங்கள். எத்தனை சென்டிமீட்டர் என்று படமே சொல்லும், யாரும் வாதாட முடியாது. மூன்றாவது, ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஃபைஃபாக்ஸ் என்று ஒரு இலவசச் செயலி வைத்திருக்கிறார்கள். போனைக் குலுக்கினால் எவ்வளவு குலுங்கியது என்று கோடு போட்டுக் காட்டும். உங்கள் தெருவில் ஒரு ஓட்டம், நல்ல ரோட்டில் ஒரு ஓட்டம், இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டி, இரண்டு கோட்டையும் அடுத்தடுத்து அச்செடுத்து மனுவோடு பின் பண்ணுங்கள். ரோட்டின் மேடுபள்ளத்துக்கு என்றே உலகப் பொது அளவு ஒன்று உண்டு, 1982இல் பிரேசிலில் உலக வங்கி முன்னின்று நடத்திய சோதனையில் பிறந்தது, ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்று கணக்கு. உங்கள் செயலி அந்த அளவுக்கு நுணுக்கம் இல்லைதான், ஆனால் வெறும் வீடியோவை விட ஆயிரம் மடங்கு மேல்.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நகரமும் மனநலமும் பற்றி ஆராய்கிறவர்களுக்கும் உங்கள் சிக்கல் உண்டு. 1991இல் ரோஜர் உல்ரிக் குழுவினர் 120 பேருக்கு முதலில் மனதைப் பதறவைக்கும் ஒரு படத்தையும், பிறகு சிலருக்கு மரம் செடி வீடியோவும் சிலருக்குத் தெருப் போக்குவரத்து வீடியோவும் காட்டி, யாருக்குச் சீக்கிரம் பதற்றம் தணிகிறது என்று பார்த்தார்கள். மரம் செடி பார்த்தவர்களுக்குத்தான். நல்ல ஆய்வு. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்து திரையில் பார்க்கும் தெருவில் புழுதி இல்லை, வெயில் இல்லை, சாக்கடை நாற்றம் இல்லை, காலில் கல் இடறாது. 2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 38 பேரை நிஜமாகவே 90 நிமிடம் நடக்கவிட்டார்கள், பாதிப் பேர் புல்வெளியும் மரங்களும் உள்ள பாதையில், பாதிப் பேர் வண்டிகள் பறக்கிற சாலையோரம். மரப்பாதையில் நடந்தவர்களுக்கு, ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருப்பது குறைந்திருந்தது, மூளை ஸ்கேனிலும் அது தெரிந்தது. எனக்கு இந்த இரண்டாவது வகைமேல்தான் நம்பிக்கை. வீடியோவை நம்பி ஒரு தெருவை எடைபோட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: போனை ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம். ரிப்பேர் கடையில் கேமரா போய்விட்டது, மாற்ற இரண்டாயிரம் ஆகும் என்றார்கள். மாற்றவா?
– திங்கள்சந்தை வாசகி

பதில்: படம் சரியாக வருகிறதா? அப்படியானால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓஐஎஸ் உள்ள போனில் லென்ஸ் மிதக்கிறது என்று மேலே சொன்னேனே, கேமரா ஓடாதபோது அதைப் பிடித்துவைக்க ஆள் இல்லை, ஆட்டினால் தட்டும். கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட்டிப் பாருங்கள், சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். திறந்த பிறகு படம் தானாகத் துள்ளினாலோ மங்கலாகவே நின்றாலோதான் கடைக்குப் போக வேண்டும். வேறு கடைக்கு.

கேள்வி: மாமியாருக்குப் பித்தப்பை ஆபரேஷன். வீட்டுக்கு வந்ததும் கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொல்லி ஒரே பிடிவாதம். ஜன்னலுக்கு வெளியே ஒரு பலாமரமும் நாலு கோழியும்தான். உள் அறையில் படுத்தால்தான் காற்று அடிக்காது என்கிறார் என் வீட்டுக்காரர். யார் பேச்சைக் கேட்பது?
– தக்கலை வாசகி

பதில்: மாமியார் பேச்சை. இப்படி ஒரு பதிலை இந்தப் பக்கத்தில் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை.

விஷயம் இருக்கிறது அக்கா. மேலே சொன்ன அதே உல்ரிக், 1984இல் சயின்ஸ் இதழில் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரி, 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகள். நம்ப மாட்டீர்கள், எடுத்துக்கொண்டதும் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களைத்தான். சில அறைகளின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, சில அறைகளில் வெறும் செங்கல் சுவர். வயது, ஆணா பெண்ணா, பீடி சிகரெட் பழக்கம் எல்லாம் ஒத்துப்போகிற மாதிரி ஜோடி சேர்த்து, பக்கத்துக்கு 23 பேர் என்று 46 பேரை ஒப்பிட்டார். இலை உதிர்ந்த மரத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று மே முதல் அக்டோபர் வரை படுத்திருந்தவர்களை மட்டும் எடுத்தார், எனக்குப் பிடித்த நுணுக்கம் அது. மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். மரக்காரர்கள் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். "அழுகிறார், ரொம்ப ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது" என்கிற மாதிரி நர்ஸுகள் எழுதிவைத்த குறிப்புகளும் அவர்களுக்குக் குறைவு.

46 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒரே ஆஸ்பத்திரி, எதிரே இருந்ததும் செங்கல் சுவர். பலாமரம் தையலை ஆற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன மாத்திரை, சாப்பாடு எல்லாம் அப்படியே நடக்கட்டும். வாடைக்காற்று பயம் என்றால் ஒரு கதவைச் சாத்தி வையுங்கள், கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் மரம் மரம்தான், அந்த ஆஸ்பத்திரியிலும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள். கோழிகளைப் பற்றி ஆய்வு எதுவும் கையில் இல்லை. ஆனால் பகல் முழுக்கப் படுத்திருக்கிறவருக்கு எந்தக் கோழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது பெரிய வேலை, கெடுக்காதீர்கள்.

கேள்வி: மேம்பாலத்துக்குக் கீழே கடை வைத்திருக்கிறேன். கடையில் இருக்கும்போது இரைச்சல் பெரிதாகத் தெரிவதில்லை, பழகிவிட்டது. ஆனால் ராத்திரி வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் சிரித்தால்கூட எரிச்சல். டாக்டரைப் பார் என்கிறாள் மனைவி. எனக்கு மனதில் ஏதும் கோளாறா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: "பழகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சங்கதி. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நகர இரைச்சலைப் பற்றிச் செய்த சோதனைகளை 1972இல் தொகுத்து வெளியிட்டார்கள். காதைப் பிளக்கும் சத்தத்தில் ஆட்களை உட்காரவைத்து வேலை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது, வேலையும் நன்றாகவே நடந்தது. சத்தத்தை நிறுத்திய பிறகுதான் வினை. விடையே இல்லாத புதிரைக் கொடுத்தால் சீக்கிரம் கைவிட்டார்கள், பிழைதிருத்தக் கொடுத்தால் பிழைகளை விட்டார்கள். அதாவது கூலி பின்னால் வசூலாகிறது. உங்களுக்கு ராத்திரி எட்டரை மணிக்கு வீட்டில் வசூலாகிறது.

அதைவிட முக்கியமாக இன்னொன்று கண்டார்கள். ஒரே சீராக, எப்போது வரும் என்று தெரிந்து வரும் சத்தம் அவ்வளவு கெடுப்பதில்லை. எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் ஆளை அரிக்கிறது. இன்ஜின் இரைச்சல் ஒன்று, திடீரென்று முதுகுக்குப் பின்னால் அலறும் ஏர் ஹாரன் வேறொன்று. (பல தொனி ஹாரன் மோட்டார் வாகன விதிகளிலேயே தடை என்பது உங்களுக்கும் தெரியும், அலறுகிறவருக்கும் தெரியும்.) சிலருக்கு மட்டும் ஒரு பொத்தானைக் கொடுத்து, "தாங்க முடியாவிட்டால் இதை அழுத்து, சத்தம் நிற்கும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது" என்றார்கள். பெரும்பாலும் யாரும் அழுத்தவே இல்லை. ஆனால் பொத்தான் கையில் இருந்தவர்களுக்குப் பின்விளைவு வெகுவாகக் குறைந்திருந்தது!

ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒரு பொத்தான். கடைக்குப் பின்னால் சாமான் போட்டிருக்கிற இடத்தைக் கொஞ்சம் ஒதுக்கி, கதவு போட்டு, ஒரு நாற்காலி போடுங்கள். தினமும் போக வேண்டும் என்றில்லை, போக முடியும் என்று இருந்தால் போதும். கடையை அடைத்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல் ஏதாவது ஒரு இடைவழியில், வண்டி வராத இடத்தில் ஒரு சாயா குடித்துவிட்டுப் போங்கள். சட்டக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி வணிகப் பகுதியில் பகல் நேர வரம்பு 65 டெசிபல், குடியிருப்பில் 55, இரவு பத்து மணிக்கு மேல் குடியிருப்பில் 45. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, 75 வந்தால் "பத்துதானே கூட" என்று விடக் கூடாது. காதுக்குள் ரீங்காரம் ஏதும் கேட்டால் மட்டும் மனைவி சொன்னபடி டாக்டரிடம், காது டாக்டரிடம், போய்விடுங்கள்.

கேள்வி: மனிதக் கண்ணுக்கு ஓஐஎஸ் உண்டா?
– குழித்துறை மாணவி

பதில்: உண்டு மக்களே, போனை விட நல்லதாகவே. இந்தப் பக்கத்தைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையை வேகமாக ஆட்டிக்கொண்டே படி. படிக்க முடிகிறதா? இப்போது தலையை அசைக்காமல் பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டு. எழுத்து கலங்கிவிடும். காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் தலை திரும்புவதை உணர்ந்து, விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. பக்கம் ஆடுவது காதுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: குளச்சலில் வள்ளம் கரையேறும்போது எடுக்கிறேன். ஓஐஎஸ் போன்தான், ஆனாலும் ஆட்கள் எல்லாம் புகை மாதிரி வருகிறார்கள்.
– குளச்சல் வாசகர்

பதில்: பின்னால் இருக்கிற சுவர் தெளிவாக, ஆட்கள் மட்டும் புகையாக வந்தால் கைநடுக்கம் இல்லை, அவர்கள் நகர்கிறார்கள். ஓஐஎஸ் உங்கள் கையை நிறுத்தும், வள்ளத்தை நிறுத்தாது. புரோ மோடில் போய் ஷட்டரை 1/500 விநாடி அளவில் வையுங்கள், விடியற்காலை என்றால் வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவைக் கூட்ட வேண்டிவரும், கொஞ்சம் புள்ளி தட்டினாலும் பரவாயில்லை.

கேள்வி: சர்வே வேலைக்கு உதவியாளாகப் போகிறேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றில் மட்டம் பார்க்கிற ஆட்டோ லெவல் கருவியில் ஸ்டாஃபை (எண் போட்ட நெட்டை அளவுகோலை) பார்த்தால் எண்கள் துடிக்கின்றன. ஆட்டோ என்று பேர், தானாகச் சரிசெய்யாதா?
– தோவாளை வாசகர்

பதில்: சரிசெய்யும் தம்பி, ஆனால் வேறு விதமான ஆட்டத்தை. கொத்தனாரின் தூக்குக்குண்டைத்தான் அதற்குள் தொங்கவிட்டிருக்கிறார்கள். மெல்லிய கம்பிகளில் ஒரு பட்டகம் (பிரிசம் கண்ணாடி) தொங்கும், கருவி லேசாகச் சாய்ந்தாலும் பட்டகம் பூமியைப் பார்த்தே தொங்குவதால் பார்வைக்கோடு மட்டமாகவே இருக்கும். 1950இல் சைஸ் நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாடு. அது சமாளிப்பது மிகச் சின்னச் சாய்வை மட்டும், அதனால்தான் முதலில் வட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அந்த ரசமட்ட வேலையைச் சோம்பலில் விட்டால் பட்டகம் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், தப்பான அளவையே நம்பிக்கையாகக் காட்டும்.

காற்று கொடுப்பது சாய்வு இல்லை, துடிப்பு. கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றுதான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுற்றுகிறது, உங்கள் முக்காலி எம்மாத்திரம்? கால்களை அகல விரித்துத் தாழ வையுங்கள், மண்ணில் நன்றாக மிதித்து இறக்குங்கள், காற்று வரும் பக்கம் ஒருவர் குடை பிடிக்கட்டும், பார்வைத் தூரத்தைக் குறையுங்கள், காலையில் காற்று எழும் முன் முக்கிய அளவுகளை முடித்துவிடுங்கள்.

கேள்வி: கன்னியாகுமரியில் சங்கு, பாசிமணிக் கடை. கடலைப் பார்த்தால் மனசு லேசாகும் என்று ஊர் ஊராக வருகிறார்கள். நான் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?
– கன்னியாகுமரி வாசகர்

பதில்: மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் கேப்லன், ரேச்சல் கேப்லன் தம்பதி இதற்கு வெகுகாலம் முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். ஓர் இடம் களைத்த மனதைத் தேற்ற வேண்டுமானால் நாலு குணம் வேண்டும் என்றார்கள். அன்றாட வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும், போதுமான அளவு விரிந்திருக்க வேண்டும், நாம் முயலாமலே கண்ணைப் பிடித்திழுக்க வேண்டும், நாம் செய்ய நினைப்பதற்கு இடம் கொடுக்க வேண்டும். கடலுக்குப் பின் மூன்றும் உண்டு. முதலாவது உங்களுக்கு எப்படிக் கிடைக்கும்? அவர்களுக்கு அது கடல், உங்களுக்கு அது கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தொங்குகிற திரை. சீசன் இல்லாத நாளில் அலையைப் பார்த்தாலே வாடகைதானே ஞாபகம் வரும்? வள்ளத்தில் போகிறவர்களுக்கோ அது ஆபீஸ்.

எனவே நீங்கள் மலைப்பக்கம் போங்கள், அல்லது தேரூர்க் குளத்தங்கரைக்கு. இங்கிலாந்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2019இல் வந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம், நீர், வெளி என்று கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்றது. ஒரே நடையாகவோ பிரித்துப் பிரித்தோ, வித்தியாசம் இல்லை. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்றும் கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஒரே இடைஞ்சல், போனால் உட்கார இடம் வேண்டும். நியூயார்க்கில் 1970களில் வில்லியம் வைட் என்பவர் கட்டிடங்களின் மேல் கேமராவை அசையாமல் நிறுத்தி, கீழே உள்ள முற்றங்களில் சில ஏன் நிரம்பி வழிகின்றன, சில ஏன் வெறிச்சோடுகின்றன என்று நாள்கணக்கில் படம் பிடித்தார். வெயில், அழகு, வடிவம் என்று எதையெதையோ அளந்து கடைசியில் கண்டது, உட்கார இடம் இருக்கிற இடத்தில் ஆள் உட்காருகிறான் என்பதை. இதைக் கண்டுபிடிக்க அத்தனை ஃபிலிமா என்று நமக்குத் தோன்றும், ஏனென்றால் நம் பாட்டன்மார் வழியம்பலம் கட்டினார்கள், தலைச்சுமை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். ரோடு அகலமானபோது முதலில் போனது அந்தக் கல்தான்.

கேள்வி: நீங்கள் போனில் சொன்னபடி வீடியோ நிலைப்படுத்தலை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். இப்போது படம் தாறுமாறாக ஆடுகிறது. கொண்டுபோய்க் காட்டினேன். "பெரியவரே, கை இப்படி நடுங்குதே, ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க" என்கிறார்.
– அதே வடசேரி வாசகர்

பதில்: ஸ்கேல் எங்கே அண்ணாச்சி?